மோசமான தொடரும் நம் நடுச்சுவரும்

அக்கா,

காலையிலிருந்து பெயின்ட் வாசம் தாங்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணின் வீட்டுக்காரன் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, உப்புத்தாளும் பக்கெட்டுமாக இறங்கியிருக்கிறான். எங்கள் மோட்டார் கம்பெனிப் பக்கம் இன்றைக்குக் கரண்ட் இல்லை என்று எனக்கும் லீவு. நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரை அவன் தேய்க்கிற சத்தம் என் பல்லில் கூசியது. பொறுக்காமல் போய் எட்டிப் பார்த்தேன். நீங்கள் தோசைக் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிக் காரை பெயர்ந்துபோன அந்த இடத்தில் பட்டி வைத்து மெழுகிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, இந்த ஒரு எடத்துல மட்டும் இத்தாம் பெரிய பள்ளம்? ஆணி கீணி அடிச்சிருந்தாங்களா?" என்று கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இங்கே ஒருத்தி உட்கார்ந்து டிவியைத் திட்டினாள், அந்தத் தழும்பு இது என்று சொன்னால் அவனுக்கு என்ன புரியும்? ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பள்ளத்தோடு உங்களையும் சேர்த்து மூடுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன புதிதில் இந்த லைன் வீட்டில் யாரோடும் நான் பேசியதில்லை. வேலை விட்டு வந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். அது பாட்டுக்கு அலறும், நான் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அந்தச் சுவரே தட்டியது. என்னவோ என்று கதவைத் திறந்தால், மாவு ஒட்டிய கரண்டியோடு நீங்கள்.

"ஏனுங் அம்மணி, இந்தக் கண்றாவிய மனுசன் பாப்பானா? நிறுத்திப்போடுங்க. இல்லாட்டித் திட்டறதுக்கு என்னையுங் கூப்பிடுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதைவிடக் கண்றாவி எட்டு மணிக்கு வருகிறது, அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்து, எட்டு மணித் தொடரை விளம்பரத்தோடு முழுசாகப் பார்த்துவிட்டு, "இல்லீங்க, மொதல்ல பாத்ததுதான் மோசம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அவர் போனதற்குப் பிறகு நான் ஒருத்தரிடம் சண்டை போட்டது அன்றைக்குத்தான். அதாவது, பேசியது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து நமக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. உங்கள் வீட்டில் நீங்கள் தையல் மெஷினில், என் வீட்டில் நான் அடுப்படி வாசலில், இரண்டு டிவியிலும் ஒரே கண்றாவி. ஒரு தட்டு என்றால் மோசம், இரண்டு தட்டு என்றால் படுமோசம், நிறுத்தாமல் தட்டினால் இனிப் பொறுக்க முடியாது, காப்பி போடு, வாரேன் என்று அர்த்தம். முழுசாகப் பார்க்காமல் திட்டக்கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். நல்லதண்ணி வருகிற காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, உலகத்திலேயே மோசமான நிகழ்ச்சி எது என்று நாம் அடித்துக்கொண்டதில், குடம் நிரம்பி வழிந்து மற்றவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

சமையல் நிகழ்ச்சியில் கரண்டி நாக்கில் படுவதற்குள்ளேயே கண்ணை மூடிச் சொக்கிப்போகிறவளைக்கூட நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். குடும்பச் சண்டையை மேடையேற்றிப் பஞ்சாயத்துப் பண்ணுகிற நிகழ்ச்சியை மட்டும் மன்னிக்கவேயில்லை. "தொடர்ல அழுகறவளுக்குச் சம்பளம் உண்டு அம்மணி. இங்க அழுகறவ அழுதுபோட்டு, அதே ஊட்டுக்குத்தான போகோணும்?" என்பீர்கள். ஆனாலும் விடமாட்டேன்.

என் கட்சி அப்புறம் வந்த ஏழரை மணித் தொடர். அதில் பெரிய மருமகள் செத்து, எரித்து, காரியம் பண்ணி, போட்டோவுக்கு மாலையும் போட்ட பிறகு வாசல் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பாள். காற்றில் முந்தானை பறக்கும், எல்லோர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டுவார்கள். செத்தவள் எப்படி வருவாள், பார்க்கிறவர்களை என்ன கேனையென்று நினைத்தார்களா என்று நான் கொதிப்பேன்.

"வந்தா உனக்கென்ன அம்மணி நட்டம்? எங்க சாமியே மூணாம் நாள் வந்தாருல்ல?"

"அவரு அதே மூஞ்சியோட வந்தாருங்க அக்கா. இவ 'இவருக்குப் பதில் இவர்'னு போட்டு வேற மூஞ்சியோடல்ல வந்திருக்கறா?"

சிலுவை போட்டுக்கொண்டே சிரித்தீர்கள். பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தீர்கள்.

தவக்காலம் வந்தால் நீங்கள் கறியை விடுவதோடு டிவியையும் விட்டுவிடுவீர்கள். முதல் வருஷம் எனக்குப் பயமாகிவிட்டது, நாற்பது நாள் யாரோடு சண்டை போடுவது என்று. ஏழரை மணிக்கு வாசலில் வந்து நின்று, "பாக்கறதத்தான் உட்டிருக்கறேன், கேக்கறத உடல. சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி கண்ணு" என்றீர்கள். கர்த்தரை இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டதற்கு, இந்தத் தொடரைக் கேட்பதே தபசுதான் என்றீர்கள். அப்புறம் வருஷா வருஷம் தவக்காலத்தில் என் டிவி தெருமுனை வரைக்கும் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டு, சரியான இடத்தில் தட்டுவீர்கள்.

போன வருஷம் மழை ஓய்ந்த நேரத்தில் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இடது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு இருந்தது. உங்கள் வீட்டுக்கார அண்ணனிடம் சொல்லி, இடது கை நடுச்சுவரை ஒட்டி வருகிற மாதிரி உங்கள் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னவள் நான்தான். அண்ணன் கட்டிலைத் திருப்பிப் போட்டார், கரண்டியையும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்.

தினமும் ஏழரை மணிக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருந்தேன். கேட்டது உங்கள் மூச்சுத்தான். தட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வெறுத்த அந்தப் பஞ்சாயத்து நிகழ்ச்சியை அலறவிட்டேன். கோபத்திலாவது கை எழும்பாதா என்று பார்த்தேன். எழும்பவில்லை.

கடைசியில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாய்கூசாமல் பொய் சொன்னேன். "நல்ல நிகழ்ச்சிங்க அக்கா அது. நீங்க இத்தன நாளாச் சொன்னதெல்லாம் தப்புங்க. நாலு குடும்பம் ஒண்ணு சேருது, அதுல என்ன கொற?" என்றேன். இல்லை என்று ஒரே ஒரு தடவை கண்ணைச் சுருக்கியிருக்கலாம் நீங்கள். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும் பயப்படுவதற்கு? இடது கையைப் பிடித்துக்கொண்டு, திட்டுங்க அக்கா, என்னையாவது திட்டுங்க என்று கெஞ்சினேன். அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம், தொடர் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் தட்டியது. இரண்டு தட்டு. தெளிவாகக் கேட்டேன். அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ஓடிவந்தேன். சத்தியமாகச் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், கையில் கரண்டியோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல அம்மணி" என்றார். "தட்டுனா வருவீங்கன்னு தட்டிப்போட்டேன். அவ போயிட்டா."

கல்லறையில் ஃபாதர், இவர் உயிர்த்தெழுவார் என்று வாசித்தார். நான் உங்கள் மதம் இல்லை, எனக்கு அதில் நியாயம் பேச உரிமையும் இல்லை. ஆனாலும் அதே மூஞ்சியோடுதானே என்று அவரைக் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. பக்கத்தில் நீங்கள் நின்றிருந்தால் சிலுவை போட்டுக்கொண்டு என் தொடையில் கிள்ளியிருப்பீர்கள். அண்ணன் பொள்ளாச்சிக்கு மகளோடு போய்விட்டார். போகும்போது அந்தக் கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கரண்டியில்தான் தோசை சுடுகிறேன். காம்பு நுனி நசுங்கியிருக்கிறது. தினமும் ஏழரைக்கு டிவியைப் போடுகிறேன், உங்கள் சட்டப்படி விளம்பரத்தோடு முழுசாகப் பார்க்கிறேன். திட்டுவதற்கு ஆளில்லாமல் ஒரு மோசமான தொடரைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியாது அக்கா. நல்லதைத் தனியாகப் பார்க்கலாம். இதை முடியாது.

போன புதன்கிழமை, சிங்காநல்லூரில் நெற்றியில் சாம்பலோடு இரண்டு பெண்கள் பஸ் ஏறினார்கள். அதைப் பார்த்துத்தான் தவக்காலம் தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. அன்றிலிருந்து என்னை அறியாமலே சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்றைய தொடர் தொடங்கிவிட்டது. பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தேன். நீங்கள் போன பிறகு பெரிய மருமகள் மறுபடியும் செத்துப்போனாள், இன்றைக்கு மறுபடியும் வந்துவிட்டாள். கதவு திறந்தது, முந்தானை பறந்தது. எனக்குக் கோபமே வரவில்லை அக்கா. வரட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் வரட்டும், யாருக்கு என்ன நட்டம் என்றிருந்தது. என் கட்சியைக் கைவிட்டுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிமிர்ந்தாள் பாருங்கள், வேறு மூஞ்சி. கீழே எழுத்து ஓடுகிறது, இவருக்குப் பதில் இவர் என்று. அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய்க் கரண்டிக் காம்பால் சுவரில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் புதுப் பெண் கையெல்லாம் பெயின்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"கூப்பிட்டீங்களாங்க?"

"இல்ல கண்ணு. டிவியத் திட்டுனேன்."

"அதுக்கு ஏனுங்க செவுத்தத் தட்டறீங்க?" என்று சிரித்தாள். நல்ல பெண்தான். "சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சு வெச்சுக்கறீங்களா? கொழந்த தூங்குது."

சரி கண்ணு என்றேன். அவள் கண்ணெதிரிலேயே குறைத்தும் வைத்தேன். அவள் போன பிறகு டிவிப் பெட்டியை ஸ்டூலோடு இழுத்து, நடுச்சுவரில் முட்டுகிற மாதிரி ஒட்டிப் போட்டிருக்கிறேன். இந்தச் சத்தம் குழந்தைக்குக் கேட்காது, சுவரில் காதை வைத்தால் உங்களுக்குக் கேட்கும். தவக்காலம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, அக்கா.