வண்டி மூக்கில் வாழைமரம்

ஆடி 11, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். மலை முழுக்க மூட்டம். துவைத்தது ஒன்றும் காயவில்லை. முட்டி வலி.

நேற்று சாயங்காலம் தேர் நின்றுபோனது. கீழ் லைன் மேட்டில், பாதி வழியில். தேர் என்றால் என் மகன் ராசுவின் பிக்கப்தான். இந்த எஸ்டேட்டில் மரத்தேர் என்றைக்கு இருந்தது? முன்பெல்லாம் எஸ்டேட் லோரி. இந்த வருடம்தான் முதல் தடவையாக இவன் வண்டி. சாமியை இறக்கி, தோளில் தூக்கி, கோயிலுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். எங்கள் மேல் லைனில் அத்தனை வீடும் மாவிளக்குத் தட்டோடு வாசலில் நின்றது வீண். மீதிச் சுற்று வரும் சனிக்கிழமையாம்.

அது போகட்டும். பிறகு சொன்ன சொல்தான் ஆறவில்லை.

"வேதக்காரி கை வச்ச வண்டி. ஆத்தா எப்படி ஏறி வருவா?"

சொன்னது வீராசாமி, கோயில் தலைவர். வேதக்காரி என்றது என் மருமகள் ஸ்டெல்லாவை. ரிங்லெட்டில் மாதா கோயில் குடும்பம். வந்து ஆறு வருடம். நேற்று மேட்டில் புருஷனுக்குக் காப்பி ஃபிளாஸ்க் நீட்ட வண்டிக் கதவைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து இஞ்சின் உறுமியது, சக்கரம் இழுக்கவில்லை, வண்டி பின்னால் உருண்டது. மேளம் நின்றது. எல்லார் கண்ணும் அவள்மேல்.

யார் பேசுவது? வீராசாமியின் அப்பன் பெரிய கங்காணி. எனக்கு இடுப்பு வலி கண்ட அன்றைக்குக் கொழுந்து நிறை முடியாமல் வீட்டுக்கு விடாதவன். ராசுவுக்கு மூத்தது தேயிலைச் செடிக்கு நடுவில் விழுந்தது. தங்கவில்லை. அந்த ஆள் செத்தபோது நான் துக்கத்துக்குப் போகவில்லை. அவன் மகன் இந்த வீராசாமி செத்தாலும் போகமாட்டேன்.

மாலை. மழை விட்டது. ஒரு கோழியைக் காணோம்.

ராத்திரி ஆறின வண்டி இன்று காலை யாரும் தள்ளாமலே மேடேறி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆத்தா கோபம் ஒரே ராத்திரியில் தீர்ந்ததா?

நேற்று வண்டியின் முன்பக்கம் கட்டியது:
குலையோடு வாழைமரம் இரண்டு
தென்னந்தோரணம்
பல்பு வைத்த ஓம் சக்தி பலகை
தரைவரைக்கும் சிவப்புத் துணி
திரிங்காப்பிலிருந்து வந்த சாமந்தி, கூடை மொத்தமும்

காற்று எந்த வழியாகப் போகும்?

ராசு சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணே, முன்னுக்கு மட்டும் மூடாதீங்க. ரேடியேட்டருக்கு முன்னால சின்னதா ஒரு கூலர் இருக்கு. கியர்பெட்டி எண்ணெய் அங்க வந்துதான் ஆறிப் போவும்."

"சாமி ஏறுற வண்டிக்கு மூக்கு என்னாத்துக்குடா? கட்டுங்கலா," என்றார் வீராசாமி.

எல்லாரும் சிரித்தார்கள். ராசுவும் சிரித்தான். அவன் சிரித்தது இன்னும் எரிகிறது.

ஆடி 12, திங்கள்

வெயில். ராசு வேலைக்குப் போகவில்லை. வாசலில் எண்ணெய் மாற்றும் வேலை.

ரிங்லெட் பட்டறைத் தவுக்கே, சீன முதலாளி, வந்தார். அளவுக்கம்பியை உருவி மோந்து பார்த்தார். "மிஞாக் ஹங்குஸ்." மலாயில் சொன்னார், எண்ணெய் கருகிவிட்டதாம். என் மூக்கிலும் வைத்தார். அடுப்பில் செருப்பு விழுந்த நாற்றம்.

இது கால் ஊனமான துரை வைத்திருந்த வண்டி. எண்பத்து மூன்றில் சீமைக்குப் போகும்போது ராசு கைக்கு வந்தது. கிளட்ச் மிதி கிடையாது, கியர் தானாக மாறும். உள்ளே ஓடும் எண்ணெயின் பலத்தில்தான் சக்கரமே சுற்றுகிறதாம். சூடு மிஞ்சினால் எண்ணெய்க்குப் பிடிப்பு போய்விடும். இஞ்சின் மட்டும் கத்தும்.

ராசு அடியில் படுத்துக் கியர்பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினான். போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் தளர்த்தி, சாய்த்து, பேசினில் வடித்தான். ரோஸ் சிரப் நிறத்தில் இருக்க வேண்டியது கறுப்புக் காப்பியாக வந்தது. தட்டில் சாம்பல் மாதிரி சேறு. உள்ளே இருந்த சல்லடையை ஸ்டெல்லா மண்ணெண்ணெயில் கழுவினாள். கண் வீங்கியிருந்தது.

புனல் பிடித்தது நான். புது எண்ணெய் ஊற்றி, இஞ்சினைப் போட்டு, கியரை ஒவ்வொரு இடமாகத் தள்ளி, இஞ்சின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் பொய் சொல்லுமாம்.

முடிந்தது என்று நினைத்தேன். இல்லையாம். அடித்தட்டைக் கழற்றினால் பாதிதான் வடியும், மிச்சம் உள்ளே உருளைக்குள் தங்கிவிடும். கொஞ்சம் ஓட்டி, திரும்ப வடித்து, திரும்ப ஊற்ற வேண்டும். அப்போதும் கொஞ்சம் பழசு இருக்கத்தான் செய்யும். சில வம்சம் இப்படித்தான்.

தவுக்கே ராசுவைத் திட்டிவிட்டுப் போனார். பாரத்தோடு மேடேறினால் டி-யில் விடாதே, இரண்டில் போடு. வீட்டுக்கு வீடு நிற்கிறாயா, நியூட்ரலுக்குத் தள்ளு. கியரில் வைத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் எண்ணெய் கொதிக்காமல் என்ன செய்யும்? பின்னால் சாமி, பூசாரி, மேளக்காரர்கள், ஜெனரேட்டர் வேறு.

ஆடி 13, செவ்வாய்

காய்ச்சிய பால் திரிந்தது. அந்தக் கோபத்தோடேயே கிளம்பினேன்.

இரண்டு மைலோ டின். ஒன்றில் கருகினது, ஒன்றில் புதுசு. தலைவர் வீட்டு மேசைமேல் வைத்தேன்.

"மோந்து பாரு, வீராசாமி."

"என்னாக்கா இது?"

"உன் வாழைமரம் பண்ண வேலை. என் மருமக கை பண்ணதில்ல."

மோந்தார். முகம் சுளித்தார். பிறகு சிரிக்கிறார். "வண்டி சூடானா மீட்டர் முள்ளு ஏறணுமில்ல? நான்தான் முன் சீட்டுல இருந்து பாத்தேனே. முள்ளு நடுவுலதான் இருந்திச்சி."

"அது இஞ்சின் தண்ணிக்கு உள்ள முள்ளு. கியர்பெட்டிக்கு முள்ளே கிடையாது."

"அப்ப கண்ணுக்குத் தெரியாத சூடு. அதத்தான்க்கா நானும் சொல்றேன். ஆத்தா கோவம்."

இவனிடம் என்ன பேசுவது. கருகின எண்ணெயை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மேசை விரிப்பில் கொஞ்சம் சிந்தியது. தெரிந்துதான் சிந்தினேன்.

ஆடி 15, வியாழன்

குளிர். இருமல்.

கேவலம். ராசு போய் ஒத்துக்கொண்டு வந்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை, தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். கோயிலில் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்பானாம். சனிக்கிழமை சாமி வரும்போது ஸ்டெல்லா வாசலுக்கு வரக்கூடாதாம்.

"நாம இந்த லைன்ல வாழணுமில்லம்மா."

"அவ எங்க வாழ்றா?"

வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டாம் தரம் எண்ணெய் வடிக்கிறானாம். நான் புனல் பிடிக்கப் போகவில்லை.

ஸ்டெல்லாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், சனிக்கிழமை மாவிளக்குக்கு. "ஆறு வருஷமா நாந்தானே அத்தை மாவிடிக்கிறேன். அதெல்லாம் ஆத்தாவுக்குத் தெரியாதா?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன்.

ஆடி 18, ஞாயிறு

நேற்று நடந்தது. தூக்கமில்லை, கோழி கூவுமுன் எழுதுகிறேன்.

வெளிச்சம் இருக்கும்போதே சாமி மேல் லைனுக்கு வந்துவிட்டது. ராசு வண்டி இல்லை, தலைவர் மகனின் ஜீப். மகனே ஓட்டினான். முன்பக்கம் ஒரு பூ இல்லை. வாழைமரம் இரண்டும் பின்னால் கட்டியிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

நாலு வீட்டுக்கு அப்பால் மேளம் கேட்கும்போது ஸ்டெல்லா அடுப்படியில் இருந்தாள்.

"நான் உள்ளயே இருக்கேன் அத்தை. சண்டை வேணாம்."

"இடிச்ச கைதான் ஏந்தணும். வா."

தட்டை அவள் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினேன். பக்கத்தில் நான். ராசு வேலியோரம்.

பூசாரி கை நீட்டவில்லை. தலைவரைப் பார்த்தார்.

"அக்கா, பேசினது என்னா?"

"பேசினது ராசு. நான் பேசல."

"தட்ட நீங்க வாங்கிக் குடுங்க. முடிஞ்சிரும்."

"என் கை நடுங்கும்."

எங்கள் வாசல் நல்ல மேடு. ஜீப்புக்குக் கைப்பிரேக் பிடிக்காது, பையன் கிளட்ச்சைப் பாதி மிதித்தே நிறுத்தி வைத்திருந்தான். நாங்கள் நிற்க, அவனும் நிற்க. நாற்றம் கிளம்பியது. பின்னால் வந்த பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள்.

"யப்பா, சீக்கிரம் வாங்கச் சொல்லு. கிளட்ச் கருகுது. வண்டி நிக்காது."

நான் நகரவில்லை. ஸ்டெல்லா பின்னால் போகப் பார்த்தாள், முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூசாரி தட்டை வாங்கினார். அவள் கையிலிருந்து.

தீபம் காட்டித் திருநீற்றை எனக்கு நீட்டினார். கையை இழுத்துக்கொண்டேன். "தட்டு குடுத்தவளுக்குக் குடுங்க." தலைவர் அதற்குள் அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்துவிட்டார். பூசாரி கொடுத்தார். திருநீறும் குங்குமமும். அவள் வாங்கி நெற்றியில் வைத்தாள்.

ராசு இவ்வளவுக்கும் வேலியைப் பிடித்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் வரவில்லை.

வீட்டுக்குள் வந்து சாப்பிட உட்கார்ந்தான். ஸ்டெல்லா சோறு போட எழுந்தாள். நீ உட்கார், அவனே போட்டுத் தின்னட்டும் என்றேன்.