குறுக்கே வெட்டிய ஐந்து துண்டுகள்

பெசன்ட் நகர் வீட்டைக் காலி செய்யும்போது அலமாரிக்கு அடியில் அந்த பிஸ்கட் டப்பா கிடைத்தது. திறந்ததும் பழைய ரப்பர் வாசனை. உள்ளே ஐந்து துண்டுகள். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் 'குறுக்கு'.

ராக்கெட்டின் திட எரிபொருள் ரப்பர் மாதிரி. விரிசல் விட்டால் தீ அதற்குள்ளும் புகும். ஏறும் அழுத்தத்தை வெளி உறை தாங்காது. அதை வலுவாக்க, குட்டி இழைகளைக் கலந்து பார்த்தோம். நம் கல்லூரி ஆய்வகத்தில் எரியாத போலிக் கலவைதான். ஊற்றிய வாக்கில் வெட்டி, இயந்திரத்தில் மாட்டி இழுத்தோம். நன்றாகத் தாங்கியது. எனக்கு அது போதும்.

உனக்குப் போதவில்லை. குப்பத்தில் அப்பாவோடு ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போட்டு வளர்ந்தவன் நீ.

"ஊத்துன பக்கமே எல்லா இழையும் படுத்துக்கினு கீது மச்சி. ஒரே வாக்குல ஒட்னா ஒரு அலைக்குப் பொளந்துக்கும்னு நைனா திட்டும். குறுக்க இழுத்துப் பாரு."

"ராக்கெட் என்ன கடல்லயா போவுது?"

"போனா நீச்சலாவது அடிக்கலாம்."

ஐந்து துண்டுகள் வெட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, புயலில் உடைந்த படகைப் பார்க்கப் போனாய். ஆய்வுக் கட்டுரை அனுப்பக் கடைசி வாரம். இயந்திரத்தில் வேறொருவர் முறை. துண்டுகள் டப்பாவிலேயே கிடந்தன. நீ போனில் கேட்டாய்.

"குறுக்க இழுத்தியா?"

"இழுத்தேன். பரவால்ல."

"அப்ப சரி."

பெருங்குடியில் சின்ன ராக்கெட் கம்பெனியில் சேர்ந்தாய். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் அங்கே கலவை செய்தாய். சோதனைத் திடலில் அது வெடித்தபோது நீ பக்கத்தில் இருந்தாய். எரிபொருளில் விரிசல் என்றார்கள். கலவை உன்னுடையது என்றும் சொன்னார்கள். விரிசல் எந்த வாக்கில் என்று நான் கேட்கவில்லை.

காரியத்தன்று உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கூடத்தான படிச்சான். இன்னா தப்பு பண்ணான் தம்பி?"

"தெரியலப்பா" என்றேன்.

இன்று ஒரு துண்டை இரு கையாலும் பிடித்து இழுத்தேன். உடனே பிரிந்தது. பழசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. பிரிந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இழைகள் அருகருகே படுத்திருக்க, பிளவு அவற்றுக்கு நடுவே ஓடியிருந்தது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை.

சாமான்களோடு கே.கே. நகருக்குக் கிளம்பினோம். டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். குப்பத்துக்குத் திரும்பும் இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"நேரா தான சார் போவணும்?"

நேராகத்தான் என்றேன்.

வந்து சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. டப்பாவை இறக்கி வைக்க இந்த வீட்டில் இடம் தெரியவில்லை.