கிளீட்டஸ் மாமாவின் வலது கை

தேங்காய்ப்பட்டணம்,
2 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெனோவுக்கு,

('அன்புள்ள' என்பது கடித வழக்கம். அதற்கு மேல் அதில் எதையும் தேடாதே.)

ஓவியக் கல்லூரிக்கென்று சென்னைக்குப் போன ஒரு வருஷத்தில் உனக்கு வரும் முதல் தபால் இதுவாகத்தான் இருக்கும். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை.

நீயும் உன் கல்லூரிக் கூட்டாளிகள் நாலு பேரும் நடத்தும் 'வாரம் ஒரு வரைவு' இணையப் பக்கத்துக்கு இருபத்தேழு வாரமாகப் படம் அனுப்புகிறேன். ஒரு வாரம் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம் தெர்மாமீட்டரை வரைந்து அனுப்பினேன். இந்த வாரத் தலைப்பு 'உழைக்கும் கை'. நான் உன் அப்பாவை வரைந்தேன். ஹார்பரில் மீன் ஏலம் விடும்போது கிளீட்டஸ் மாமா வலது கையைத் தூக்கி விரலை விரிப்பாரே, அந்த நிற்பு. மூன்று நாள் வேலை. நகத்தில் ஒட்டிய செதில், கயிறு அறுத்த வடு, சுண்டு விரலை ஒட்டிப் பிறவியிலேயே முளைத்த அந்த ஆறாவது குட்டி விரல், எதையும் விடவில்லை. மாமா என் டேப்லெட்டில் பார்த்துவிட்டு, "கொள்ளாமே மக்கா! வெரலை எண்ணி வரைஞ்சிருக்கியே" என்று மெச்சினார்.

உங்கள் பக்கமும் எண்ணியது. "ஆறு விரல். சந்தேகமே இல்லாமல் ஏஐ செய்த படம். பெபிஷா தகுதி நீக்கம்." அதற்குக் கீழே முந்நூறு சிரிப்பு பொம்மைகள்.

கம்ப்யூட்டர் படம் செய்தால் விரல் கணக்கு தப்பும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. கடவுள் செய்தாலும் சில நேரம் ஒன்று கூடும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வரையும்போது பதிவான வீடியோ கேட்டார்கள். என் டேப்பில் ஒரு பாட்டு ஏற்றினால் இன்னொரு பாட்டை இறக்க வேண்டும், வீடியோவுக்கு எங்கே போவது? ஒவ்வொரு அடுக்கும் தனியாகத் தெரியும்படி, லேயர் லேயராகப் படத்தின் கோப்பை அனுப்பினேன். அதையும் போலியாகச் செய்யலாமாம். வீட்டில் என்னை 'ஏட்டி' என்பார்கள், நீங்கள் 'ஏஐ' என்கிறீர்கள். இனி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

அந்த நாலு பேரை விடு, அவர்கள் மாமாவைக் கண்டதில்லை. ஐந்தாவது ஆள் அந்தக் கையில் சோறு வாங்கித் தின்று, அதே கையில் அடியும் வாங்கி வளர்ந்தவன். நடுவர் என்றால் நடுவில் நிற்பவர் என்று நினைத்தேன். நீ நடுங்கி நிற்கிறாய். 'அது என் அப்பா கை' என்று நாலு சொல் எழுத உனக்கு என்ன கேடு?

இப்படிக்கு,
ஏஐ பெபிஷா
(சோறு தின்னும். சார்ஜ் போட வேண்டாம்.)


சென்னை,
8 செப்டம்பர் 2025

அன்புள்ள பெபிஷா,

நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமென்று நம்புகிறேன்.

முடிவு எடுத்தது நாலு பேர். நான் ஓட்டுப் போடவில்லை. இதில் தனிப்பட்ட விஷயம் எதுவும் கிடையாது, பக்கத்துக்கென்று விதி இருக்கிறது. படம் நன்றாகவே இருந்தது.

ஒரு வழி இருக்கிறது. அதே படத்தை ஐந்து விரலாகத் திருத்தி அடுத்த வாரம் அனுப்பு. சேர்த்துக்கொள்ளும்படி நான் பேசிப் பார்க்கிறேன். யாருக்கும் சங்கடம் இருக்காது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

ஜெனோ


தேங்காய்ப்பட்டணம்,
13 செப்டம்பர் 2025

விதி காக்கும் ஜெனோ அவர்களின் சமூகத்துக்கு,

'அன்புள்ள' இந்த முறை ஸ்டாக் இல்லை.

திருத்தி அனுப்பவா? எதை? உன் அப்பாவையா? ஓட்டுப் போடவில்லை என்று வேறு பெருமையாக எழுதியிருக்கிறாய். வீடு எரியும்போது தீ வைத்தது நானில்லை என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாய்.

உன் கடிதம் வந்த அன்றே ஹார்பருக்குப் போனேன். மாமாவின் கையை ஒரு போட்டோ எடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டிவிட்டால் கதை முடிந்தது என்பது என் திட்டம். உன்னைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இதை நீ நம்ப மாட்டாய். என் வாயை எனக்கே நம்ப முடியாது.

ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, என்னத்துக்கு கையை மட்டும் எடுக்க? மூஞ்சி கொள்ளாதா?"

"மூஞ்சியை அவங்க நம்பிட்டாவ மாமா. கையைத்தான் நம்பல. ஆறு வெரலு ஆருக்கும் இருக்காதாம்."

விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் கையைத் தூக்கிக் காட்டி, "கேட்டியளா, இது பொய்க் கையாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அங்க ஜெனோ உண்டுல்லா? அவன் சொல்லலியா?"

ஊரிலேயே பெரிய வாய் எனக்குத்தான் என்று நீ சொல்வாயே. அந்த வாயால் போனின் கேமரா கண்ணாடியை ஊதி ஊதித் துடைத்தேன்.

மாமாவின் சிரிப்பு நின்றது. டீ கிளாஸைக் கீழே வைத்தார். தூக்கிய கையை இறக்கினார்.

"போட்டோ வேண்டாம் மக்கா. பய அங்க என்ன சொல்லி வச்சிருக்கானோ. நாம போயி கலக்கிவிடக் கூடாது."

போட்டோ எடுக்காமல் வந்துவிட்டேன். ஆகவே உங்கள் பக்கத்தில் நான் இன்னும் திருடிதான். அதற்காக எழுதவில்லை. நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? அதைச் சொல்.

பெபிஷா


சென்னை,
20 செப்டம்பர் 2025

பெபிஷா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். சிரிக்காமல் படி. உன்னால் முடியாது.

முதல் வாரத்திலேயே விடுதியில் என் கையிலிருக்கும் தழும்புகளைப் பற்றிக் கேட்டார்கள். கடற்கரைப் பையன் என்று தெரிந்ததும் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார்கள். சுறா கடித்தது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இங்கே எனக்கு ஒரு மரியாதை. இப்போது போய் அந்தப் படத்தில் இருப்பது என் அப்பா என்றால், முதலில் படத்தைப் பார்ப்பார்கள். அடுத்து என் கையைப் பார்ப்பார்கள்.

நீ வீட்டையும் தீயையும் பற்றி எழுதினாய். நானும் ஒன்று கேட்கிறேன். மூன்றாம் வகுப்பில், பள்ளி மைதானத்தில் எல்லோரையும் உட்காரவைத்து என் இரண்டு கை விரலையும் சத்தமாக எண்ணியது யார்? பன்னிரண்டு வந்ததும் 'டசன்' என்று பெயர் வைத்தது யார்? அந்தப் பெயர் நாலு வருஷம் என் பின்னால் வந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது வாத்தியார்கூட ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டார். கடைசியில் அப்பாவிடம் அழுது, அந்த இரண்டு விரலையும் எடுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். "எனக்கும் உண்டுல்லா மக்கா, நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்?" என்று கேட்டார். நான் அழுகையை நிறுத்தவில்லை. கூட்டிப் போனார்.

உனக்கு அது ஒரு விளையாட்டு. இன்று உன் பெயருக்கு ஒரு களங்கம் வந்ததும் எவ்வளவு துடிக்கிறாய் பார்.

ஜெனோ


தேங்காய்ப்பட்டணம்,
27 செப்டம்பர் 2025

ஜெனோ,

சிரித்தேன். இரண்டு கையிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் கடித்த சுறாவுக்கு முன்பு தையல் கடையில் வேலையா? பாவம், வாயில்லா ஜீவன் தலையில் பழியைப் போட்டிருக்கிறாய்.

அடுத்த பத்தியில் சிரிப்பு வரவில்லை.

'டசன்' என்று வைத்தது நான்தான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் போனதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று இந்த நிமிஷம் வரை நினைத்ததே இல்லை. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் எனக்கும் ஒரு பட்டப்பெயர் வை. திருப்பிப் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் பெயர் வைத்தவள் நான், பயந்தவன் நீ. நடுவில் கிளீட்டஸ் மாமா என்ன தப்பு செய்தார்?

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தார், பெண் கேட்க வந்தவர் மாதிரி. அம்மா கொடுத்த நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"மக்கா, அந்தப் படத்துல ஒரு வெரலுதானே குத்தம்? அதை அழிச்சிப்போடேன்."

"முடியாது மாமா."

"நீ ரப்பர் வச்சி அழிச்சா எனக்கு நோவவா போவுது? பயலுக்கு ஆஸ்பத்திரில வச்சி நல்லா நொந்தது. நான் கண்டேன்லா."

டேப்பை எடுத்து அவர் கண் முன்னாலேயே செய்தேன். ஒரு தட்டு, அவ்வளவுதான். விரல் போய்விட்டது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப ஆரு மாதிரி இருக்கு?"

"யாரோ மாதிரி இருக்கு மாமா."

"அது போதும்," என்று எழுந்து போனார்.

கோபத்தில் அன்று சோறு இறங்கவில்லை. உன் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கவும் தெரியவில்லை.

கோப்பை உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாமாவிடம் சொல்லவில்லை. அந்த விரலை நான் முதலிலிருந்தே தனி லேயரில் வரைந்திருந்தேன். அன்று அழிக்கவில்லை, மறைத்தேன். லேயர் பட்டியலில் மேலிருந்து இரண்டாவது. பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தைத் தொட்டால் திரும்பி வரும். தொட மனமில்லாவிட்டால் அப்படியே பக்கத்தில் போட்டுக்கொள். ஐந்து விரல், விதிப்படி.

பெபிஷா


சென்னை,
4 அக்டோபர் 2025

அன்புள்ள பெபிஷா,

நாலு நாள் கோப்பைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் கல்லூரி லேபில் வைத்துத் திறந்தேன். பின்னால் எல்லோரும் இருந்தார்கள். அந்தக் கண்ணைத் தொட்டேன். "இது என் அப்பா. தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏலம் விடுகிறார். எனக்கும் இருந்தது, எடுத்துவிட்டேன். சுறா பொய்" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னதால் 'சுறா பொய்' மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது. நன்றாகச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தன் படத்தருகே வந்து, அந்தச் சின்ன விரல் தனியாக மடங்குமா என்று கேட்டான். மடங்காது, ஆனால் குளிர் வந்தால் முதலில் அதுதான் வலிக்கும் என்று அப்பா சொல்வார் என்றேன். இவ்வளவுதான் நடந்தது. இதற்கா ஒரு வருஷம் பயந்தேன் என்று இருக்கிறது.

படத்தை ஆறு விரலோடு போட்டுவிட்டோம். உன் தகுதி நீக்கத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டிருக்கிறோம். உன் இருபத்தேழு வாரமும் கணக்கில் நிற்கிறது. நம்பரையும் அன்பிளாக் செய்துவிட்டேன்.

அப்பாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மழை, மீன் வரத்து, சாப்பாடு என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. அவரிடமும் ஸ்மார்ட்போன் இல்லை. நீ ஒரு தடவை ஹார்பருக்குப் போய் அந்தப் பதிவைக் காட்டிவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

ஜெனோ


தேங்காய்ப்பட்டணம்,
9 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெனோவுக்கு,

காட்ட மாட்டேன்.

பதிவைப் பார்த்தேன். எனக்குச் சேர வேண்டியது வந்துவிட்டது, அந்த மட்டில் சந்தோஷம். போனில் சொல்லாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம், போனில் கத்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

நேற்று காலை ஹார்பரில் நல்ல நெத்திலி வரத்து. கூட்டம். எங்கிருந்தோ வந்த ஒரு அண்ணன் ஏலத்தை வீடியோ எடுக்க போனைத் தூக்கினார். மாமா அதைப் பார்த்தார். வலது கையை மெல்ல, மடித்துக் கட்டிய வேட்டிக்குள் செருகிக்கொண்டார். இடது கையைத் தூக்கி ஏலம் விட்டார். முப்பது வருஷமாக வலது கையையே பார்த்து ஏலம் கேட்டுப் பழகிய வியாபாரிகளுக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னா கிளீட்டஸ், கையில அடியா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, சின்னதா ஒரு நோவு" என்றார்.

கேட்டாயா? நோவாது என்று என்னிடம் சொன்ன மனுஷன்.

அவர் முன்னால் விரலை மறைத்தது நான். மறைக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது நீ. இரண்டு பேரும் சேர்ந்து செய்ததை, என் உடைந்த போனில் ஒரு பதிவைக் காட்டி முடித்துவிடலாம் என்கிறாய். காட்டினால் பார்ப்பார், "கொள்ளாம் மக்கா" என்பார், கையை வேட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வார். சென்னையில் உள்ளவர்கள் பார்த்தது அவருக்கு எதற்கு? நீ பார்க்க வேண்டும்.

தீபாவளிக்குக் கல்லூரி லீவு என்று உன் அம்மா சொன்னாள். வரவில்லை என்று நீ சொல்லியிருக்கிறாயாம். வா. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை குழித்துறை. வீட்டுக்குப் போகாதே, பையோடு நேராக ஹார்பருக்கு வா. கூட்டாளிகளில் வருகிறவர்களைக் கூட்டிவா. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், அவர் கண்ணில் படும்படி போய் நில்.

நான் ஒரு சொல் பேச மாட்டேன். இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். டேப்போடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அன்று மாமா எந்தக் கையைத் தூக்குகிறாரோ அதைத்தான் வரைவேன்.

பெபிஷா