கஸ்தூரிக்கு டாக்டர் சொன்ன பெயர்

என் உயிரான நைனாவுக்கு,

இந்தக் கார்த்திகை வந்தால் நீ போய் ஒரு வருஷம். உன் சின்ன மகளைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. கஸ்தூரிக்கு இருப்பது என்னவென்று டாக்டர் ஒரு பெயர் சொல்லிவிட்டார்.

நீ இறந்த அன்று அவள் அழவில்லை என்று லைட்ஹவுஸ் குப்பமே பேசியது. உன் காலடியில் நின்று, "என்னிய உட்டுட்டுப் போய்ட்ட இல்ல? போ, நீ எனக்கு நைனாவே இல்ல" என்று கத்தினாள். பெரியப்பா அவளை வெளியே தள்ளினார். சாயங்காலம் தேடிப் போனால், பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையில் இருக்கிறாள். பெயரைக்கூட நம்மால் படிக்க முடியாத எவனோ ஒரு வெள்ளைக்காரனின் கல்லைக் கட்டிக்கொண்டு அப்படி அழுகிறாள். அதை உன் பக்கத்தில் அழுதிருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து உன்னோடு இருந்தவள், நீ போனதும் என் வீட்டுக்கு வந்தாள். காலையில் என் தலைக்கு எண்ணெய் தேய்த்து, "நீதான் எனக்கு அம்மா" என்பாள். மார்க்கெட்டிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், குழம்புச் சட்டி வாசலில் கிடக்கும். "நான் செத்தா உனுக்கு நிம்மதி" என்பாள். ஒருநாள் தன்னையே காயப்படுத்திக்கொண்டாள். கட்டுப் போட்ட நர்ஸ்தான், மனநல டாக்டரைப் பாருங்கள் என்று சென்னைக்கு அனுப்பினார்.

பல தடவை பார்த்துப் பேசிவிட்டு, "பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்" என்றார் டாக்டரம்மா.

கஸ்தூரி உடனே, "பார்டருன்னா, ஏரில ஆந்திரா பக்கம் போனா நம்ம படகப் புடிப்பாங்களே, அதுவா?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். நானும்தான்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். "இது பேயும் இல்ல, நடிப்பும் இல்ல. விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கற பயம் இவங்களுக்கு ரொம்பப் பெரிசா வரும். வந்தா லேசுல அடங்காது. அந்த நேரத்துல பிடிச்சவங்களே எதிரியாத் தெரிவாங்க. பேசிப் பேசிச் சரி பண்ணலாம், நாளாகும்."

அவளுக்குத் தாயத்து கட்டினோமே, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினோமே நைனா. நீ ஒருநாள் அவளை அடித்தாய். மறுநாள் நண்டு உடைத்து ஊட்டினாய். உனக்கும் எதுவும் புரியாமல்தான் இருந்ததா? அம்மா சின்ன வயதிலேயே போனதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாதாம். எனக்கும்தானே அம்மா போனாள். எனக்கு ஏன் வரவில்லை?

போன செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் பொன்னேரியில் ரயில் ஏறினோம். என் வீட்டுக்காரர் போன் செய்தார், நான் சிரித்துப் பேசினேன். "என்னியப் பத்தித்தான ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க?" என்றாள். இல்லை என்று சொன்னேன், கேட்கவில்லை. அனுப்பம்பட்டில் ரயில் நின்றதும் விருட்டென்று இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன். ரயில் போய்விட்டது.

பெஞ்சில் ஒரு ஓரம் அவள், ஒரு ஓரம் நான். "நீ இன்னாத்துக்கு எறங்குன?" என்றாள்.

"தெர்ல. நீ எறங்குன, நானும் எறங்கிட்டன்."

"நான் நடிக்கிறன்னு நெனைக்கிறியாக்கா?"

"அப்டித்தான் நெனச்சினு இருந்தன்."

"நடிக்கலக்கா. அந்த நேரத்துல நீ என்னிய நெசமாவே வெறுக்கறன்னுதான் தோணுது. அப்பால பாத்தா ஒண்ணுமே இல்ல. வெக்கமா கீது. எது நெசம்னு நான் எப்டிக் கண்டுபுடிப்பன்?"

நீ இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய் நைனா?

அடுத்த ரயிலில் போய் டாக்டரிடம் சொன்னோம். "கூட இறங்கினது தப்பில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் இறங்கணும்னு இல்ல. கோவம்னா கோவம்னு சொல்லுங்க, திரும்பி வருவேன்னும் சொல்லுங்க" என்றார். எப்போது இறங்குவது, எப்போது உட்கார்ந்திருப்பது? அதை யார் சொல்வார்கள்?

நேற்று தட்டைத் தூக்கி எறிந்தாள். "எனக்குக் கோவமா கீது கஸ்தூரி. நான் மார்க்கெட்டுக்குப் போறன். சாயங்காலம் வந்துடுவன்" என்றேன். கதவை அறைந்து சாத்தினாள். இறால் விற்றுத் திரும்பி வந்தபோதும் கதவு சாத்தியேதான் இருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, "அக்கா, வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டன்" என்றேன். அவ்வளவுதான். இது முன்னேற்றமா, நாளைக்கு மறுபடி சட்டி பறக்குமா, தெரியாது.

அவளைப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன் நைனா. ஆனால் அவளிடம் கேட்பதை நிறுத்தமாட்டேன். கத்தினாலும், கதவைச் சாத்தினாலும், இன்னா ஆச்சுடி என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். இது சத்தியம்.

உன் பெரிய பொண்ணு,
கஸ்தூரிக்கு அக்கா,
மல்லிகா