அத்தையின் வலது காது

மார்ச் 4, திங்கள்

இன்று மூன்று பேருக்குக் காது மிஷின் பொருத்தினேன். மூன்று பேரும் சிரித்த முகமாகக் கிளம்பிப் போனார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தையின் மிஷின் அலமாரியில், அதன் டப்பாவில், நாலு மாதத்துக்கு முன்பு நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தூசிகூடத் தட்டப்படவில்லை. யார் யாருக்கோ காது கேட்க வைக்கிறேன், சொந்த மாமியாரிடம் என் பாச்சா பலிக்கவில்லை.

மார்ச் 6, புதன்

சுருக்கமாக எழுதிவிடுகிறேன். மூன்றரை மணிக்கு அத்தை என் மகள் குட்டியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது, பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. குட்டிதான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஏழு வயசு. ஒண்ணும் ஆகலை. ஒண்ணும் ஆகலைன்னு சொல்லிக்கிட்டே, தூங்கற குட்டியை மூணு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

இவர் தன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் வந்து, "இந்த மாசம் முடியறதுக்குள்ள அம்மா மிஷினைப் போட்டுக்கலைன்னா, ஸ்கூலுக்கு வேற ஆளைப் பார்த்துடலாம்" என்றார். தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு நடைக்காகத்தான் அத்தை பகல் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இரண்டரைக்கே தலை வாரிச் செருப்பைத் துடைத்து வைத்துவிடுவார். அதைப் பிடுங்கினால் அவருக்கு என்ன மிச்சம்?

மார்ச் 9, சனி

கிளினிக்கிலிருந்து என்னை என்.எல்.பி. வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று சனிக்கிழமை. நாம் பேசும் விதமும் உட்காரும் விதமும் எதிரே இருப்பவர் மனசை எப்படித் தொடுகின்றன என்பது பாடம். ஆறு பக்கம் எழுதிக்கொண்டேன். அவர் உட்காருவது போல் உட்கார். அவர் மூச்சின் வேகத்தைப் பிடி. அவர் குரலின் அளவில் பேசு. பிறகு மெல்ல உன் வழிக்குக் கூட்டி வா.

அத்தைக்கு இதுதான் மருந்து என்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

மானம் போயிற்று. காலையில் முதல் ஆள், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். காது மந்தமானவர்களுக்கே உரிய பெரிய குரல். அவர் குரலின் அளவில் பேசு என்று பாடம் அல்லவா? நானும் அதே அளவுக்கு ஏற்றிப் பேசினேன். பத்து வருஷமாக முகம் பார்த்து நிதானமாக, கத்தாமல் பேசிப் பழகிய நான். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் சுண்டிப் போயிற்று.

"நான் கத்தறேன்னு எனக்குத் தெரியும்மா. நீ அதைச் செஞ்சு காட்ட வேண்டாம்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார், சின்னக் குரலில். அந்தச் சின்னக் குரல்தான் இன்னும் குத்துகிறது.

மார்ச் 12, செவ்வாய்

பட்டும் புத்தி வரவில்லை. சாயந்திரம் அத்தை எதிரே அவரைப் போலவே ஒரு காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்தில் வைத்து, மூச்சையும் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கும் முட்டி வலியா?" என்றார்.

அதே மூச்சோடு இவரிடம் போய் உட்கார்ந்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்ன, கிளாஸா?" என்றார்.

மார்ச் 16, சனி

இடைவேளையில் பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் வித்தை என் மாமியாரிடம் எடுபடவில்லை என்று கொட்டித் தீர்த்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, அத்தை முன்னால் உட்காரும்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அவர் மிஷினைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். சரி, அவருக்கு என்ன வேண்டும் என்றார்.

அவருக்கும் அதுதானே வேண்டும் என்று இழுத்தேன். நாலு மாதத்தில் ஒரு தரம்கூடக் கேட்கவில்லையா என்றார். கேட்கவில்லை. ஏனென்றால் எனக்குத்தான் தெரியுமே. கூச்சம், இரைச்சல், வயசாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ளப் பயம். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் சொல்லும் காரணங்கள்தானே.

"போட்டுக்காம இருக்கறதுல அவங்களுக்கு ஏதோ ஒரு நல்லது இருக்கு. அது என்னன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாதுன்னு நிஜமாவே நம்பி உக்காருங்க. தெரியாத மாதிரி நடிச்சீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. உக்கார்றது, மூச்செல்லாம் அப்புறம்."

வரும் வழியெல்லாம் கோபம். எனக்குப் போய்க் காதைப் பற்றிப் பாடம் எடுக்கிறாரே. காதில் நல்லது என்றால் கேட்பதுதான், கேட்காமல் இருப்பதில் என்ன நல்லது இருந்துவிட முடியும்?

மார்ச் 17, ஞாயிறு

அத்தையிடம் இன்று முழுக்க மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கில் கொப்புளம் வந்ததுபோல் இருந்தது.

மார்ச் 18, திங்கள்

வெறுமனே பார்ப்பது என்று இருந்தால் எவ்வளவு கண்ணில் படுகிறது. வீட்டில் சத்தமே குறைந்துவிட்டிருக்கிறது. மாமா நாற்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் இரைச்சலுக்கு மேல் பேசியவர். இருந்த இடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்தால் தெருக்கோடியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இப்போது அந்தக் குரலே எழுவதில்லை. வயசாகிறது, பாவம்.

மார்ச் 21, வியாழன்

நானும் அத்தையும் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். குட்டியின் சாக்ஸில் ஒன்று வழக்கம்போல் ஜோடி இல்லாமல் கிடந்தது. நான் எதையும் திட்டமிட்டு வரவில்லை. அப்படியே, முகத்தைப் பார்த்துக் கேட்டேன், காது கேட்காமல் இருப்பதில் உங்களுக்கு எது நன்றாக இருக்கிறது என்று. கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பதில் தெரியாது என்பது உறைத்தது.

அத்தை ஒரு துண்டை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார்.

"நாப்பது வருஷமா உங்க மாமா அந்த ரூம்லேருந்தே கத்துவாரு. எங்கிட்ட வந்து பேசணும்னே தோணாது அவருக்கு. காது போனப்புறம்தான் எழுந்து வர்றாரு. தோளைத் தொட்டு, இந்தக் காதுகிட்ட குனிஞ்சு சொல்றாரு. பெருசா ஒண்ணும் இல்ல. தண்ணி கொதிக்குதுன்னுதான் சொல்லுவாரு." துண்டை அடுக்கில் வைத்துவிட்டு, "மிஷினைப் போட்டா மறுபடியும் அங்கேருந்தே கத்துவாரு இல்ல?" என்றார்.

ஐயோ. நான் என்னவெல்லாம் நெனச்சேன். பிடிவாதம்னு நெனச்சேன். என் வேலைக்கு மரியாதை இல்லைன்னுகூட நெனச்சேனே.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அத்தை என் கையில் இருந்த சட்டையை வாங்கித் தானே மடித்தார். "அவர்கிட்ட சொல்லிடாதே. சொல்லி வந்தா அது வேற" என்றார்.

மாமாவிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். குட்டியோடு நடப்பதும் வேண்டும், இதுவும் வேண்டும், இரண்டுக்கும் எப்படி வழி பண்ணலாம் என்று. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மார்ச் 23, சனி

கடைசி வகுப்பு. அத்தை என்ன சொன்னார் என்று பயிற்சியாளர் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றேன். அப்படியென்றால் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றார்.

மார்ச் 25, திங்கள்

அத்தை வழி கண்டுபிடித்துவிட்டார். மூன்று மணிக்கு மாட்டிக்கொள்வார், குட்டியோடு திரும்பி வந்ததும் வாசலிலேயே கழற்றிவிடுவார். மூளை பழக வேண்டும், நாள் முழுக்கப் போட்டால்தான் பலன் என்று தினம் பத்துப் பேருக்கு ஒப்பிக்கிறவள் நான். அத்தனையும் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, சரி அத்தை என்றேன்.

அரை நாள் லீவு போட்டுக் கூடவே நடந்தேன். பின்னால் சைக்கிள் மணி அடித்தது. எனக்கு முன்பே அத்தை ஒதுங்கினார். இவரிடம் சொன்னேன். வேறு ஆள் தேடும் பேச்சு முடிந்தது.

ஏப்ரல் 5, வெள்ளி

குட்டிக்குக் கவலை. வழியில் இனிமேல் முணுமுணுத்துத் திட்ட முடியாதாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்தப் பொட்டளவு பேட்டரி அத்தையின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்து மூடினால் கீச்சென்று கத்த வேண்டும், கத்தினால் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை கத்த வைத்துப் பார்த்தார். இது போட்டால் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கேட்டார். அந்த ரூம்லேருந்து பேசினால்கூடக் கேட்கும் மாமா என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

சீக்கிரம் வந்துவிட்டேன். அத்தையும் குட்டியும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். அந்த மும்முரத்தில் அத்தை மிஷினைக் கழற்ற மறந்துவிட்டார். பின்னறையில் குட்டியின் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வலது காதில் அது அப்படியே இருந்தது.

மாமா சமையலறை வாசலில் நின்றிருந்தார். அங்கிருந்து அத்தையின் காது நேராகத் தெரியும். அவரும் பார்த்தார். நான் பார்த்தேன் அவர் பார்த்ததை. அங்கிருந்தே குரல் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் மெல்ல நடந்து போனார். தோளைத் தொட்டார். குனிந்தார். முகம் கிட்டே போனதும் மிஷின் கீச்சென்று கத்தியது. இரண்டு பேரும் திடுக்கிட்டு விலகினார்கள். மாமா அதை இரண்டு விரலால் மெதுவாகக் கழற்றி, கத்தாமல் இருக்க மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பவும் குனிந்தார். அவர் ரகசியம் பேசினாலும் பக்கத்து அறைவரை வந்துவிடும்.

"தண்ணி கொதிக்குது."

"தெரியும். கொதிக்கற சத்தம் அங்கேருந்தே கேட்டுச்சு" என்றார் அத்தை.

"கேக்கும்னு எனக்கும் தெரியும்" என்றார் மாமா.

இரவுச் சாப்பாட்டுக்கு இவரைக் கூப்பிடச் சமையலறையிலிருந்தே வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளே போய் இவர் தோளைத் தொட்டேன்.

"என்ன, கிளாஸா?"

"இல்ல, சாப்பாடு" என்றேன், காதோடு.