ஐந்து மணிக்கு அடித்த அலாரம்

சேசு மரி சூசை துணை

ஒக்கலிபுரம், பெங்களூர்
ஆகஸ்ட் 21, வியாழன்

அன்பு மகன் டேரிலுக்கு அம்மா எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மழை பிடித்தால் முழங்கால் மட்டும் கொஞ்சம் சண்டை போடுகிறது. அயர்லாந்துக் குளிர் உன் நெஞ்சைப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் ஒரு தேவ இரகசியத்தை உனக்காகவே ஒப்புக்கொடுக்கிறேன். வீட்டில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அலாரம் அடிக்கும் அந்த மோஷன் சென்சாரை மாட்டிச் சோதித்தபோது யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய், மூன்று தடவை சும்மா அடித்தது என்று கம்பெனிக்குக் கொடுத்த புகாரில் சேர்க்க வேண்டும் என்றாய். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வீட்டில் இருந்தவர்கள் நான், மாட்ட வந்த டிரேவர், பக்கத்து வீட்டு லட்சுமம்மா, மூன்றே பேர். வேறு யாரும் இல்லை. அன்று என்ன நடந்தது என்பதையும் அதற்குப் பிறகு நடந்ததையும் உள்ளபடி எழுதுகிறேன், போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், கடைசி வரை படி.

டிரேவர் வேலையில் ஒரு குறையும் இல்லை. முதலில் ஹாலில் சன்னலுக்கு எதிரே மாட்டினார், பிறகு மத்தியான வெயில் நேராக அதன் முகத்தில் விழும், திரைச்சீலையும் ஆடும், சும்மா சும்மா அடிக்கும் என்று தானே கழற்றி, மாதா பீடத்துக்கு எதிர் மூலையில் என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் வைத்தார். பழைய ஓட்டைகளைப் பூசி அடைத்துத் தரையையும் துடைத்தார். பிறகு என்னைச் சமையலறை வாசலிலிருந்து பீடம் வரை நடக்கச் சொன்னார், நடந்தால் சிவப்பு விளக்கு மின்னியது, நின்றால் அணைந்தது. வேகமாக, மெதுவாக, சுவரை ஒட்டி என்று ஆறு முறை நடந்தேன். கடைசியில் அவரே தரையில் தவழ்ந்து பார்த்தார், அதற்கும் மின்னியது. லட்சுமம்மா வாயைப் பொத்திக்கொண்டு, ஏனப்பா, திருடன் என்ன கொழந்தையா, தவழ்ந்துகிட்டு வர்றதுக்கு என்று கேட்டாள், அவர் சட்டையைத் தட்டிக்கொண்டே, எங்க ஏரியாவுல வருவான் அக்கா, நல்லா ட்ரெயினிங் எடுத்தவன் என்றார். அன்று இந்த வீட்டில் மூன்று பேர் சிரித்தோம். கதவருகே உள்ள பெட்டியில் வெளியே போகும்போது எதை அழுத்த வேண்டும், திரும்பி வந்தால் பீப் பீப் என்று கூவும் முப்பது வினாடிக்குள் நாலு எண்ணை எப்படிப் போட வேண்டும், போடாவிட்டால் சைரன் அடித்து உன் போனுக்கும் செய்தி போகும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார்.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை அலாரம் அடித்தது என் தவறு. ஓர் அடக்கப் பூசைக்குப் போய்விட்டு ஐந்து மணிக்குத் திரும்பினேன். வெளியே போய் வந்தால் முதலில் பீடத்தின் முன் நின்று ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் கைப்பையைக்கூடக் கீழே வைப்பேன், உனக்குத் தெரியும். அன்றும் அப்படியே நின்றேன். பெட்டி கூவுவது காதில் விழுந்தது, ஆனால் ஜெபத்தைப் பாதியில் விட மனம் வரவில்லை. ஆமென் சொல்வதற்குள் சைரன் பிடித்துக்கொண்டது. எதிர் வீட்டு சில்வெஸ்டர் அண்ணன் காபி டம்ளரோடு ஓடி வந்தார். எண்ணைப் போட்டு நிறுத்தி முடிப்பதற்குள் என் போன் அடித்தது, நீ. அம்மா, அம்மா, ஒண்ணும் ஆகலையே, உக்காருங்க, தண்ணி குடிங்க என்றாய். கேஸ் சிலிண்டர் தேதி எழுதும் நோட்டில் அன்று எழுதி வைத்தேன், டேரில், பதினொரு நிமிடம். அதற்கு முன் அதில் உன் பெயர் இருப்பது ஜூலை பதினேழாம் தேதி. உனக்கு வேலை அதிகம் என்று தெரியும், இதைக் குறையாக எழுதவில்லை.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். பன்னிரண்டாம் தேதி அடித்ததும், பதினைந்தாம் தேதி மாதா திருநாளன்று அடித்ததும் கருவியின் கோளாறு அல்ல, நான் செய்தது. உனக்கு மதியச் சாப்பாட்டு நேரமாக இருக்கட்டும் என்று பார்த்தே ஐந்து மணியை எடுத்தேன். வெளியே போகிறேன் என்ற பொத்தானை அழுத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன், அங்கே அதற்குக் கண் எட்டாது. பிறகு ஹாலுக்கு வந்து நின்றேன். பெட்டி கூவிக்கொண்டிருந்த முப்பது வினாடியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் டேரில். பன்னிரண்டாம் தேதி ஒன்பது நிமிடம் பேசினாய். திருநாளன்று காலைப் பூசை முடிந்து வந்து பாயசம் வைத்தேன், லட்சுமம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், கொடுக்க ஆள் இல்லை. அன்றும் செய்தேன். சில்வெஸ்டர் அண்ணன் வரவில்லை, சன்னலிலிருந்தே, ரெஜினாம்மா, உங்க மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு என்று கத்தினார். நீ நான்கு நிமிடம் பேசினாய், அதில் மூன்று நிமிடம் மாட்டிய அந்த ஆளை விடப் போவதில்லை என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போனை வைத்துவிடுவாய் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க எழவில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று டிரேவர் வந்தார். சாப்பிடாமல் மூன்று மணி நேரம் சோதித்தார், மறுபடியும் தவழ்ந்துகூடப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து அதில் பதிவானதைப் படித்தார். பொத்தானை அழுத்திய நேரமும் வாசல் கதவு திறக்காததும் அதில் இருக்கிறதாம், உன் போனுக்கு அலாரம் அடித்த செய்தி மட்டும்தான் வருமாம். என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். பிறகு, ஆன்ட்டி, இதை ஆபீசுக்கு அனுப்புனா என் பேரு கிளியர் ஆயிடும், ஆனா உங்க பையனுக்கும் ஒரு காப்பி போவும், நீங்களே சொல்லிடுங்க, சனிக்கிழமை வரைக்கும் நான் அனுப்பல என்றார். சனிக்கிழமை அவருடைய மேலாளர் கூப்பிட்டிருக்கிறாராம், உன் புகார் அப்படியே நின்றால் வேலை போய்விடும். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து கிடைத்த வேலை. காபி கொடுத்தேன், குடித்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என்மேல் கோபப்படு, தாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று மட்டும் நினைத்துவிடாதே, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். இனி வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பொத்தானைத் தொட மாட்டேன், பீடத்தின் முன் நின்று சொல்கிறேன். அடுத்த முறை சைரன் அடித்தால் அது நிஜம் என்று எடுத்துக்கொள். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீ தொட்ட வேலை எல்லாம் நன்றாக நடக்கட்டும். மதியம் சாப்பிடாமல் இருக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. கோளாறு கருவியிலும் இல்லை, டிரேவரிடமும் இல்லை, தவறு என் அம்மாவுடையது என்று கம்பெனிக்கு நாளைக்குள் எழுதிவிடு. எழுதியதும் எனக்குச் சீக்கிரம் பதில் போடு, ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெஜினா பெர்னார்ட்