மூலையில் நிற்பவன்

மார்ச் 3, திங்கள்
அப்பா இன்றும் அதையே சொன்னார். கட்டிலுக்கு எதிர் மூலையில் ஒருவன் நிற்கிறானாம். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன் என்கிறானாம். அது உங்கள் ஆக்சிஜன் சிலிண்டர் அப்பா என்றேன். “எனக்குத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தார்.

மார்ச் 4
லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயின்ட் அடிக்கிறவன் வீட்டில் இது ஒரு பிரச்சினையா? ஆனால் வேறு கலர் அடிக்கிறேன் என்றதும், சிலிண்டரை வாடகைக்குத் தரும் சிலிண்டர்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “உள்ள என்ன கேஸுன்னு சொல்ற கலர்தான் சார் அதுக்குப் பேரு. பேரை அழிச்சா யாரு நம்புவா?” வால்வில் பெயின்டோ எண்ணெயோ பட்டால் தீப்பிடிக்கும் என்றும் மிரட்டினார். என் மனைவி இவளும் அவர் பக்கம்.

மார்ச் 6
சிலிண்டரை வெள்ளைப் போர்வையால் மூடி வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தூங்கி எழுந்த அப்பா, “முகத்தை மூடிட்டீங்களே, யாரு போயிட்டா?” என்று அழுதார்.

மார்ச் 8, சனி
பெயின்ட் அடித்தே விட்டேன். அப்பாவுக்குச் சின்ன சிலிண்டரை மாட்டிவிட்டு, பெரியதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வால்வில் பெயின்ட் படாமல் துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். வண்டிகளின் பெயின்ட்டைக் காயவைக்கும் சூட்டு அறையில் வைக்காமல் நிழலில் காயவிட்டேன், அந்த அளவுக்கு முட்டாள் இல்லை. சுவரின் அதே வெளிர் மஞ்சள். எந்த வண்டிக்கும் இவ்வளவு பொருத்தமாகக் கலந்ததில்லை.

மார்ச் 9
மூலையில் வைத்ததும் எனக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மார் தட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் போனபோது அப்பாவின் கண்கள் நான்கு சுவர்களையும் தடவிக்கொண்டிருந்தன. என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னார்: “அவன் போகலடா. ஒளிஞ்சுக்கிட்டான். மூச்சு விடுற சத்தம் கேக்குது பாரு.”

கேட்டது. சிலிண்டரோடு மாட்டிய தண்ணீர்ப் புட்டியில் காற்றுக் குமிழி விடுகிற சத்தம்தான்.

மார்ச் 10
பொட்டுத் தூக்கம் இல்லை அவருக்கு. சுவரில் சாயாதே என்று இவளிடம் கெஞ்சுகிறார். கத்திவிட்டேன். பெற்ற அப்பாவிடம் கத்துகிற வயதா எனக்கு? முன்பு ஒரு மூலைக்குத்தான் பயந்தார். இப்போது அறை முழுக்க — அதைச் செய்தது நான்.

மார்ச் 12
காலியானதை எடுக்க வந்த சிலிண்டர்காரர், மஞ்சள் பெயின்ட்டைப் பார்த்ததும் கையால்கூடத் தொடவில்லை. உள்ளே எது இருந்தது என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், அது சொல்லவில்லையே என்றார். திட்டித் தீர்த்துவிட்டு வேறொன்றை இறக்கி வைத்தார். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை.

அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். “வந்துட்டியா? அங்கேயே நில்லு. தெரியற மாதிரி நில்லு.” பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார்.

மார்ச் 13
கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். மூலையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். எனக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பப் பிடிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு
மதியம் அப்பாவின் கட்டிலருகே தரையில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார். அவர் குரல், தாழ்ந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி: “என் மகன்தான். வேலை அலுப்புல தூங்குறான். அவனை எழுப்பாதே. நானே வர்றேன்.”

எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தது.

மார்ச் 20
அப்பா போய்விட்டார். எல்லாம் முடிந்தது. சிலிண்டரை எடுக்க வந்தவரை, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். அந்த அறையில் இன்றைக்கு அவனாவது இருக்கட்டும்.